எல்லைநிலை ஆளுமைக் கோளாறு: எந்த உளச்சிகிச்சை எங்கே பொருந்தும்?

சிறு தூண்டுதலுக்கே உணர்ச்சிகள் கொதித்தெழுந்து எளிதில் தணியாமல் நிற்பதும், நெருங்கியவர் கைவிட்டுவிடுவாரோ என்ற அச்சம் உறவுகளை ஓயாமல் அலைக்கழிப்பதும், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் உந்துதல் அடிக்கடி தலைதூக்குவதும் எல்லைநிலை ஆளுமைக் கோளாற்றின் முக்கிய அடையாளங்களாகும். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டில் இடம்பெற்ற இக்கோளாற்றுக்கெனத் தனி மருந்து எதுவும் இல்லாததால், பேச்சின் வழியே நிகழும் உளச்சிகிச்சையே முதன்மை பெறுகிறது.

உளச்சிகிச்சை முறைகளுள் மிகுதியாக ஆராயப்பட்டது, சியாட்டிலைச் சேர்ந்த மார்ஷா லினெஹன் உருவாக்கி 1991இல் சோதனை முடிவுகளை வெளியிட்ட இயங்கியல் நடத்தைச் சிகிச்சை. உள்ளதை உள்ளபடி ஏற்பதையும் மாற்றத்துக்கு முயல்வதையும் இணைக்கும் இம்முறையில், வாரந்தோறும் தனிச் சந்திப்பு, உணர்ச்சியை ஆளும் திறன்களைக் கற்பிக்கும் குழு வகுப்பு, நெருக்கடியில் தொலைபேசி வழிகாட்டல், சிகிச்சையாளர்களே கூடிக் கலந்தாலோசிக்கும் கூட்டம் ஆகிய நான்கும் உண்டு. லண்டனில் ஆந்தனி பேட்மனும் பீட்டர் ஃபொனகியும் வகுத்த முறையோ, தன் மனத்திலும் பிறர் மனத்திலும் என்ன நிகழ்கிறது என்று நிதானித்து உணரும் ஆற்றலை வளர்க்கிறது. ஜெஃப்ரி யங்கின் முறை சிறுவயதில் வேரூன்றிய எண்ண அமைப்புகளைத் திருத்த முயல, ஓட்டோ கெர்ன்பெர்க்கின் முறை நோயாளி சிகிச்சையாளரோடு கொள்ளும் உறவையே ஆய்வுப் பொருளாக்குகிறது.

கடைசி இரண்டையும் ஒப்பிட்டு நெதர்லாந்தில் நடத்தப்பட்டு 2006இல் வெளிவந்த ஆய்வில் யங்கின் முறை முந்தியது. ஆயினும், டொரண்டோவில் 180 பேரிடம் நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வே கூடுதல் கவனத்துக்குரியது. லினெஹனின் முறையைப் பெற்றவர்களும், அனுபவமிக்க மனநல மருத்துவர்களின் ஒழுங்கான பொதுச் சிகிச்சையைப் பெற்றவர்களும் ஓராண்டில் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேறினர். 75 ஆய்வுகளைத் தொகுத்த 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வும், உளச்சிகிச்சை வழக்கமான கவனிப்பைவிடப் பயன் தருகிறது என்று கண்டதேயன்றி, ஒரு முறைக்குத் தெளிவான முதலிடம் அளிக்கவில்லை.

புதுக்கோட்டை போன்ற மாவட்டத்துக்கு இம்முடிவு பெரும் நம்பிக்கை தருவது. மணமேல்குடியிலிருந்தோ விராலிமலையிலிருந்தோ வாரம் இருமுறை நகருக்கு வந்துபோவது கூலி வேலை செய்யும் பெண்ணுக்கு எளிதன்று. லினெஹன் முறைக்குரிய முழுக் குழுவை எங்கும் அமைப்பதும் அரிது. ஆனால், மாவட்ட மனநலத் திட்டத்தின் விதிமுறைப்படி அமையும் மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட குழு, நோயின் பெயரை மறைக்காமல் விளக்கி, முறையான சந்திப்புகளைக் கைவிடாமல் தொடர்ந்து, 'நடிக்கிறாள்' என்று ஒதுக்கும் குடும்பத்தாருக்கு அது நடிப்பன்று என்பதைப் புரியவைத்தால், அந்தப் பொதுச் சிகிச்சையின் சாரம் இங்கேயே கைகூடும். சந்திப்புகளுக்கு இடையே நெருக்கடி மூளும் வேளையில், 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மானஸ் என்னும் தொலைபேசி மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவிலும் தமிழிலேயே அழைக்கலாம். அறிமுகமான சிகிச்சையாளரின் குரலுக்கு அது ஈடாகாதெனினும், அடுத்த சந்திப்புவரை துணைநிற்கக் கூடியது.