கோவேறு கழுதைகள் நடந்த தடத்தில்

அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் தொடங்கி, மேரிலாந்து மாநிலத்தின் மலையடிவார நகரமான கம்பர்லேண்டில் முடியும் ஒரு மண்பாதை, 297 கிலோமீட்டர் தூரமும் பொட்டோமாக் ஆற்றைப் பெரும்பாலும் விட்டு விலகாமல் அதன் கரையோடு செல்கிறது. ஒரு பக்கம் ஆறும், மறுபக்கம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட செசபீக் அண்ட் ஒஹாயோ கால்வாயும் இருக்க, இரண்டுக்கும் இடையே மரநிழலில் செல்லும் இந்தப் பாதையில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி கிடையாது. சரக்குப் படகுகளுக்காக வெட்டப்பட்ட அக்கால்வாய், போட்ட முதலுக்கு ஈடான வருவாயை ஒருபோதும் தராமல் தோற்றுப்போன ஒரு வணிக முயற்சி. எனினும் அப்படகுகளை இழுத்துச் சென்ற கோவேறு கழுதைகளுக்காகக் கரையில் அமைக்கப்பட்ட தடம் மட்டும் அழியாமல் நின்று, கிராவல் பைக் எனப்படும் புதுவகைச் சைக்கிளில் நெடுந்தூரம் செல்வோர் நாடிவரும் பாதையாகியிருக்கிறது.

கிராவல் என்றால் சரளை. தார்ச்சாலைக்கென மெல்லிய டயர் பூட்டிய சைக்கிள் சரளையில் வழுக்கும்; பாறையும் வேரும் நிறைந்த மலைத்தடங்களுக்கென அதிர்வுதாங்கிகளுடன் கனமாகச் செய்யப்படும் சைக்கிளோ நாள் முழுதும் மிதிப்பவரைக் களைப்படையச் செய்யும். இவ்விரண்டுக்கும் நடுவில் உருவானதே கிராவல் பைக். சாலைச் சைக்கிளின் டயர் பொதுவாக 25 முதல் 32 மில்லிமீட்டர் அகலம் இருக்க, இதன் டயர் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை அகன்றிருப்பதால், காற்றைக் குறைவாக அடைத்து ஓட்ட முடிகிறது. காற்று குறைந்த டயர் கல்லின் மேல் ஏறும்போது துள்ளாமல் சற்று அமுங்கிக்கொடுப்பதால் பிடிப்பும் கூடுகிறது, கையும் முதுகும் வலிப்பதும் குறைகிறது. பலர் ட்யூபே இல்லாத டயரைப் பூட்டி, அதற்குள் ஒரு பிசின் கரைசலை ஊற்றிக்கொள்கிறார்கள். முள் குத்தினால் அக்கரைசல் துளைக்குள் புகுந்து உறைந்து தானே அடைத்துவிடுகிறது. சக்கரத்தின் விளிம்பைப் பிடிக்கும் பழைய பிரேக் சேற்றில் செயலிழந்துவிடும் என்பதால், சக்கரத்தின் மையத்தில் உள்ள தகட்டைப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்கே இதில் பொருத்தப்படுகிறது. ஹேண்டில்பார் பந்தயச் சைக்கிளில் உள்ளதுபோல் கீழ்நோக்கி வளைந்திருந்தாலும், ஓட்டுபவர் அதிகம் குனியாமல் அமரும்படி சட்டம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. கூடாரம், துணி, உணவு ஆகியவற்றை வைக்கும் பைகளைக் கட்டவும் அதில் இடம் உண்டு. அமெரிக்க நடுமேற்குப் பகுதியின் பண்ணைச் சாலைகளில் பரவி, கன்சாஸ் மாநிலத்தின் எம்போரியாவில் 2006 முதல் நடைபெறும் நெடுந்தூரப் போட்டியால் புகழ்பெற்ற இந்தச் சைக்கிளோட்டத்துக்கு, 2022இல் இத்தாலியில் முதல் உலகச் சாம்பியன் போட்டியும் நடத்தப்பட்டது. ஆனால் இதன் உண்மையான பயன் போட்டியைவிட, அவசரமில்லாத நெடும்பயணத்தில்தான் விளங்கும். அதற்கு ஆற்றங்கரையும் பழைய கால்வாய்க்கரையும் போல் உகந்த இடம் வேறு இல்லை.

1828ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜான் குயின்சி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்துக் கால்வாய்ப் பணியைத் தொடங்கி வைத்தார். அட்லாண்டிக் கரையோர நகரங்களை அப்பலாச்சிய மலைகளுக்கு அப்பால் உள்ள ஒஹாயோ ஆற்றுடன், பிட்ஸ்பர்க் வழியாக இணைப்பதே திட்டம். அதே நாளில் பால்டிமோர் நகரில் பால்டிமோர் அண்ட் ஒஹாயோ ரயில்பாதையின் பணியும் தொடங்கியது. இரண்டும் ஒரே குறுகிய ஆற்றுப் பள்ளத்தாக்கில் இடத்துக்காகப் போட்டியிட்டு வழக்காடின. ரயில் 1842இல் கம்பர்லேண்டை எட்ட, கால்வாய் அங்கு வந்துசேர்ந்தது 1850இல். மலையைத் தாண்டும் எண்ணம் அத்துடன் கைவிடப்பட்டது. அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் மண் சுமந்தவர்களில் பெரும்பாலோர் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைத் தொழிலாளர்கள். 1832இல் காலரா அவர்களுடைய குடிசைகளைத் தாக்கியது. 1834இல் தொழிலாளர் கலவரத்தை அடக்கக் குடியரசுத் தலைவர் ஆண்ட்ரூ ஜாக்சன் இராணுவத்தையே அனுப்பினார். இன்று அந்தக் கரையில் செல்பவர்கள் அனுபவிக்கும் சமதளமும் நிழலும் அவர்கள் கொடுத்த விலையில் வந்தவை என்பதை மறப்பது நியாயமாகாது.

பாதை மலைப்பகுதியை நோக்கிச் சென்றாலும் ஏற்றமே தெரியாதபடி இருப்பதற்குக் காரணம், கால்வாய் நீரின் இயல்பு. ஓடாமல் தேங்கி நிற்கும் நீரில்தான் படகை இரு திசையிலும் இழுக்க முடியும் என்பதால், கால்வாயைச் சமமட்டத்தில் வெட்டிக்கொண்டே சென்று, மட்டம் மாற வேண்டிய இடங்களில் மட்டும் படகை ஏற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகளைக் கட்டினார்கள். நீர்ப்பூட்டு என்பது இரு முனைகளிலும் கதவுள்ள கல் தொட்டி. மேல்நோக்கி வரும் படகு கீழ்க்கதவு வழியே உள்ளே வந்ததும் அதை அடைத்து, மேற்கதவின் அடிப்பகுதியிலுள்ள சிறு மடைகளைத் திறந்தால், மேல்மட்ட நீர் உள்ளே பாய்ந்து படகைத் தூக்கும். இருபுறமும் நீர் ஒரே மட்டத்துக்கு வந்தபின் மேற்கதவைத் திறந்து படகு வெளியேறும். மனிதத் தசையும் ஈர்ப்பு விசையும் அன்றி வேறு எந்த ஆற்றலும் இதற்குத் தேவைப்படவில்லை. இத்தகைய 74 நீர்ப்பூட்டுகள் சேர்ந்து படகை 605 அடி, அதாவது ஏறத்தாழ 184 மீட்டர் உயர்த்தின. சைக்கிளில் செல்பவருக்கு இந்தக் கணக்கு காலில் தெரியும்: பல கிலோமீட்டர் சமமாகச் சென்ற பாதை, ஒரு நீர்ப்பூட்டின் அருகே வந்ததும் சில அடி சட்டென்று ஏறி, மறுபடியும் சமமாகிவிடும்.

நீர்ப்பூட்டின் அருகே இறங்கி நின்று பார்ப்பது அவசியம். கல்லடுக்கில் சில கற்களின் முகத்தில் அவற்றைச் செதுக்கிய கொத்தர்களின் அடையாளக் குறிகள் இன்னும் தெரிகின்றன. தொட்டியின் அகலம் 15 அடி, படகின் அகலம் ஏறத்தாழ பதினான்கரை அடி என்பதால், நூறு டன்னுக்கு மேல் நிலக்கரி ஏற்றிய படகைப் பக்கத்துக்கு மூன்று அங்குல இடைவெளியில் இடிக்காமல் உள்ளே செலுத்த வேண்டியிருந்தது. படகோட்டி தொலைவிலிருந்தே கொம்பு ஊதுவார். இரவோ பகலோ, அதைக் கேட்டுக் கதவைத் திறக்கக் காவலர் எழுந்துவர வேண்டும். அவர் குடும்பத்தோடு வசித்த சிறு கல்வீடுகளில் சில இன்று புதுப்பிக்கப்பட்டு, பயணிகள் இரவு தங்க வாடகைக்கு விடப்படுகின்றன.

படகிலும் குடும்பங்களே வாழ்ந்தன. தந்தை சுக்கானைப் பிடிக்க, பிள்ளைகள் கரையில் கோவேறு கழுதைகளோடு நடந்தார்கள். ஒரு சோடி ஏறத்தாழ ஆறு மணி நேரம் இழுத்தபின், படகின் முன்புறத் தொழுவத்தில் ஓய்வெடுத்த மற்றொரு சோடி கரையில் இறக்கப்படும். கம்பர்லேண்டிலிருந்து ஜார்ஜ்டவுன் வந்துசேர ஒரு வாரம்வரை ஆகும். ஆடாமல், சறுக்காமல் பாரம் இழுக்கும் விலங்குக்கென இறுக்கி அமைத்த அதே தடத்தில், இன்று சுமையேற்றிய சைக்கிள்காரர்கள் நான்கைந்து நாளில் அத்தொலைவைக் கடக்கிறார்கள்.

கட்டுமானங்களுள் இரண்டைத் தனியே குறிப்பிட வேண்டும். பொட்டோமாக்கில் கலக்கும் மொனாகசி ஆற்றைக் கால்வாய் ஒரு தொட்டிப்பாலத்தின் மேல் கடந்தது. கன்னியாகுமரி மாவட்டத்து மாத்தூர்த் தொட்டிப்பாலம் பாசன நீரைச் சுமக்கிறது என்றால், ஏழு வளைவுகளுடன் 1833இல் கட்டி முடிக்கப்பட்ட இது, நீரோடு படகையும் சுமந்தது. உள்நாட்டுப் போரின்போது 1862இல் தென்மாநிலப் படையினர் இதைத் தகர்க்க முயன்றும் இயலவில்லை. மற்றொன்று, ஆறு வளைந்து வளைந்து செல்லும் பகுதியைத் தவிர்க்க மலையைக் குடைந்து அமைத்த பாவ் பாவ் சுரங்கம். இரண்டு ஆண்டில் முடியும் என்று 1836இல் தொடங்கிய பணி, பணமின்றி இடையில் நின்று, 1850இல்தான் முடிந்தது. ஏறத்தாழ 950 மீட்டர் நீளமுள்ள அதன் உட்சுவருக்கு அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட செங்கற்கள் தேவைப்பட்டன. உள்ளே விளக்கு கிடையாது. கைவிளக்கோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அப்போது பாதையோரத்து மரக் கைப்பிடியை விளக்கொளியில் பார்த்தால், ஆண்டுக்கணக்கில் இழுகயிறு உராய்ந்து ஏற்படுத்திய பள்ளங்களில் விரலை வைத்துப் பார்க்கலாம்.

1889இன் பெருவெள்ளம் கால்வாய் நிறுவனத்தை முறித்தது. போட்டியாளரான ரயில் நிறுவனமே அதைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. 1924இல் வந்த மற்றொரு வெள்ளத்தோடு படகுப் போக்குவரத்து நின்றது. 1938இல் அரசு கால்வாயை இருபது லட்சம் டாலருக்கு வாங்கியபின், வேலையற்ற இளைஞர்களுக்கான அரசுத் திட்டத்தில் சேர்ந்த கறுப்பின இளைஞர்கள் வாஷிங்டனை ஒட்டிய முதல் 35 கிலோமீட்டரைச் சீரமைத்தார்கள். அவர்களுடைய உழைப்பு பேசப்படவேண்டிய அளவுக்குப் பேசப்படுவதில்லை. பின்னர் கால்வாயின் மீது கார்ச்சாலை போடும் திட்டம் எழுந்து, 1954 ஜனவரியில் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் அதை ஆதரித்துத் தலையங்கம் தீட்டியபோது, உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் அதன் ஆசிரியர்களைத் தம்முடன் முழுப் பாதையையும் நடந்து பார்த்தபின் எழுதுமாறு அழைத்தார். அவ்வாண்டு மார்ச்சில் கம்பர்லேண்டிலிருந்து பலர் புறப்பட, டக்ளஸ் உட்பட ஒன்பது பேர் முழுத் தொலைவையும் எட்டு நாளில் நடந்து முடித்தனர். நாளிதழும் தன் நிலையை மாற்றிக்கொண்டது. 1971இல் இது தேசிய வரலாற்றுப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. ஒரு நெடுஞ்சாலைத் திட்டத்தை நடந்தே வென்ற நிகழ்வுகள் உலகில் அரியவை.

இப்போது செல்பவர்களுக்கு வழியெங்கும் கட்டணமில்லாத கூடாரத் திடல்கள் உள்ளன; அவற்றில் குடிநீர்க் கைப்பம்பும் கழிப்பிடமும் இருக்கும், குளிர்காலத்தில் மட்டும் பம்புகள் மூடப்படும். பல பகுதிகளில் நொறுக்கிய கல் புதிதாகப் பரப்பப்பட்டிருந்தாலும், மழைக்குப்பின் சேறு டயரில் அப்பிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அகன்ற டயரும் மட்கார்டும் அங்கே கைகொடுக்கும். மணிக்கு 15 மைல் என்ற வேக வரம்பு சிலருக்குக் கசக்கலாம். ஆனால் நடப்போரும் குதிரையில் வருவோரும் பகிர்ந்துகொள்ளும் குறுகிய கரையில் அது மிகச் சரியான விதி. பிக் ஸ்லாக்வாட்டர் என்ற இடத்தில் செங்குத்துப் பாறையால் கால்வாய் வெட்ட இடமின்றிப் படகுகள் ஆற்றிலேயே இறங்கிச் சென்றன. வெள்ளத்தால் சிதைந்து நெடுங்காலம் மூடிக்கிடந்த அப்பகுதியின் பாதை 2012இல் மீண்டும் திறக்கப்பட்டு, பாறைக்கும் நீருக்கும் நடுவே செல்கிறது. பாதை ஆற்றோடு மிக நெருங்கிச் செல்லும் இடங்களில் இதுவும் ஒன்று.

கம்பர்லேண்டில் நின்றுபோன கால்வாய் அடைய நினைத்த பிட்ஸ்பர்க்குக்கு, கைவிடப்பட்ட ரயில்தடங்களின் மீது அமைத்த கிரேட் அலெகேனி பாசேஜ் என்ற 240 கிலோமீட்டர்ப் பாதை 2013இல் முழுமையடைந்தது. நீராவி ரயிலுக்கும் செங்குத்தான ஏற்றம் ஆகாது என்பதால் இதுவும் சைக்கிளுக்கு இதமானது. ஆயினும் கம்பர்லேண்டிலிருந்து மேற்கே செல்வோர் 38 கிலோமீட்டருக்குள் 2,392 அடி உயரமுள்ள நீர்ப்பிரிமேட்டுக்கு ஏற வேண்டியிருப்பதால், முதன்முறை வருவோர் பிட்ஸ்பர்க்கில் தொடங்குவதே நல்லது. அங்கிருந்து ஏற்றம் மிக மெதுவாக வரும்; உச்சியைக் கடந்தபின் வாஷிங்டன்வரை பெரும்பாலும் சமதளமும் இறக்கமும்தான். உச்சியருகே உள்ள பிக் சாவேஜ் சுரங்கம் குளிர்காலத்தில் அடைக்கப்பட்டுவிடுவதால், பயணத்தை மே முதல் அக்டோபருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும்.