மலேரியாக் கிருமி சொல்லும் மனித வரலாறு

அம்பாறைக் கரையோர ஊர்களில், வயல் வாடிகளில் நுளம்புக்கடியோடு வேளாண்மை காத்த தலைமுறைக்கு மலேரியா நன்கு தெரிந்த நோய். இலங்கையில் தொடர்ந்து பரவிவந்த உள்ளூர் மலேரியாவின் கடைசித் தொற்று 2012 ஒக்டோபரில் பதிவானது. 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இங்கு பரவிய வைவாக்ஸ் என்ற மலேரியாக் கிருமி மனித குலத்தின் பழைய பயணத்துக்கும் சாட்சி என்பது பலர் அறியாதது. அதன் மரபணுவில் சேர்ந்துள்ள மாற்றங்களை ஒப்பிட்டால், எந்த வகை எதிலிருந்து கிளைத்தது என்று கணிக்கலாம்.

வைவாக்ஸ் ஆசியாவில் தோன்றியது என்றுதான் நெடுங்காலம் கருதினார்கள். அதன் நெருங்கிய உறவினங்கள் ஆசியக் குரங்குகளில் வாழ்கின்றன. அவற்றுள் சிலவற்றை 1965இல் ஏ. எஸ். திசாநாயக்கவும் உடன் ஆய்வாளர்களும் இலங்கைக் குரங்குகளிலேயே கண்டார்கள். ஆனாலும் ஒரு முடிச்சு அவிழாமல் கிடந்தது. வைவாக்ஸ் செங்குழியத்துக்குள் நுழைய, அதன் மேற்பரப்பில் பெரும்பாலும் டஃபி என்ற புரதம் வேண்டும். மேற்கு, மத்திய ஆபிரிக்க மக்களில் ஏறக்குறைய எல்லோருடைய செங்குழியங்களிலும் அது இல்லை. நோயே இல்லாத இடத்தில் நோயைத் தடுக்கும் மாற்றம் இவ்வளவு ஆழமாக வேரூன்றுமா? 2014இல் வெளியான ஆய்வு விடை தந்தது. ஆபிரிக்கக் காட்டுச் சிம்பன்சி, கொரில்லாக்களின் மலத்தில் வைவாக்ஸின் மரபணு கிடைத்தது. மனிதரிடமுள்ள வைவாக்ஸ் முழுவதும் அந்தப் பெருங்குடும்பத்தின் ஒரேயொரு கிளைதான். ஆபிரிக்காவை விட்டுப் புறப்பட்ட மனிதரோடு அந்தக் கிளையும் வந்தது என்பதே பொருத்தமான விளக்கம்.

இன்று மனித வைவாக்ஸின் வகைகள் ஆசியாவில்தானே அதிகம் என்று கேட்கலாம். ஆபிரிக்காவில் டஃபி இல்லாத இரத்தம் அதன் வழியை அடைத்தது. தடையில்லாத ஆசியாவில் அது பெருகிக் கிளைத்தது. இன்னொரு ஆட்சேபம் வலுவானது: ஒட்டுண்ணி ஓர் உயிரினத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவும், அதன் வம்சாவளி எப்படி நம்முடையதாகும்? ஆகாதுதான். நம் முன்னோர் எந்த விலங்குகளின் அயலில், எந்த நிலத்தில் வாழ்ந்தார்கள் என்பதையே அது காட்டும். அதனால்தான் கிருமியின் மரபணுவை மட்டும் நம்பாமல், மனித இரத்தத்தில் அது விட்ட அடையாளத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டியிருக்கிறது.

அத்தகைய அடையாளம் இலங்கையர் இரத்தத்திலும் உண்டு. தலசீமியா என்ற பரம்பரை இரத்தநோயின் மரபணுவைச் சுமப்போரை மலேரியா கடுமையாகத் தாக்குவது குறைவு; மலேரியா நாடுகளில் அந்த மரபணு பரவியதற்கு அதுவே காரணம் என்பது ஆய்வாளர் பெரும்பாலோரின் முடிவு. மலேரியா போய்விட்டது, மரபணு போகவில்லை. தாய் தந்தை இருவரும் அதைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் கடும் தலசீமியா வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. உறவினர் இருவரும் ஒரே மரபணுவைச் சுமக்கும் வாய்ப்பு அதிகம் என்பதால், சொந்தத்துக்குள் சம்பந்தம் பேசும் குடும்பங்கள் நிகாஹ்வுக்கு நாள் குறிக்குமுன் மணமக்கள் இருவருக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.