மலை மண்ணும் மக்னீசியமும்

கும்பக்கரையிலிருந்து பெருமாள்மலையை நோக்கி ஏறும் பாதையில், பழனி மலைச் சரிவில் அமைந்த அடுக்கத்தைப் போன்ற ஊர்களில், காப்பிச் செடியின் முதிர்ந்த இலை நரம்புகள் மட்டும் பசுமையாக நிற்க, இடைப்பகுதி வெளுத்து மஞ்சளாகிவிடுமானால், அனுபவமுள்ள விவசாயி மண்ணில் மக்னீசியம் குறைந்திருக்குமோ என்று ஐயுற்று, புளித்த மண்ணைத் திருத்த டோலமைட் தூளைத் தேடுவார். இலைக்குப் பச்சை நிறத்தை அளிக்கும் பச்சையம் என்ற பொருளின் மூலக்கூற்றில் நடுநாயகமாக வீற்றிருப்பது மக்னீசியமே. பச்சையத்தை ஆராய்ந்த வில்ஸ்டேட்டர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானிக்கு 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது. குறைவு நேரும்போது முதிர்ந்த இலை தன்னிடமுள்ளதை இளந்தளிருக்கு அனுப்பிவிட்டுத் தான் வெளுக்கிறது.

மனித சரீரத்திலும் இதை ஒத்த காரியமே நடைபெறுகிறது. நம் உடலிலுள்ள ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியத்தில் பாதிக்கு மேல் எலும்பிலே சேமிப்பாக இருந்து குறைவின்போது இரத்தத்துக்கு ஈடுசெய்ய, இரத்தத்தில் ஓடுவது நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாதலால், இரத்தப் பரிசோதனை ஒன்றை மட்டும் கொண்டு குறைவில்லை என்று முடிவு கட்டுவதற்கில்லை. உணவிலிருந்து நாம் பெறும் சக்தியை உயிரணுக்களுக்கு வழங்கும் ஏ.டி.பி. என்ற பொருள், மக்னீசியத்தோடு இணைந்தாலன்றிச் செவ்வனே பணியாற்றாது. 300-க்கு மேற்பட்ட நொதிகள் இதன் துணையை நாடுகின்றன. தலைச்சுமையோடு மேடேறுகிறவனின் கால் தசை சுருங்குவதற்கும், சுருங்கியபின் தளர்வதற்கும் இது வேண்டும். பிரசவ காலத்தில் தாய்மாருக்கு நேரும் கொடிய வலிப்பைத் தடுக்க, இன்றும் வைத்தியர்கள் முதன்மையாக நம்புவது மக்னீசியம் சல்பேட் ஊசியையே.

இத்தகைய தாதுவை நாம் அரிசி ஆலைகளிலே தவிட்டோடு கழித்துவிடுகிறோம் என்பதுதான் என் மனத்தை வருத்துகிறது. தீட்டாத அரிசி 100 கிராமில் சுமார் 90 மில்லிகிராம் இருக்க, தீட்டிய வெள்ளரிசியில் எஞ்சுவது 20 அளவே. கேழ்வரகிலோ 130-க்கு மேல். ஒருவருக்கு நாள்தோறும் 300 முதல் 400 மில்லிகிராம் வரை தேவையென்றால், சாமையும் கேழ்வரகும் விளைந்த மலைகளிலேயே வெள்ளைச் சோறு பிரதான ஆகாரமாகிவிட்டதை முன்னேற்றம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. மலைவாழையும் வெண்ணெய்ப்பழமும் ஓரளவு உதவும். ஆயினும் பருப்பு, பயறு, கீரை, நிலக்கடலை, எள் இவற்றின் வளம் பெரிது.

மக்னீசியம் குறைந்தால் சோர்வு நேரலாம் என்றாலும், எல்லாச் சோர்வுக்கும் அக்குறைவே காரணமென்று மருந்துக்கடைக்கு ஓடுவது விவேகமன்று. இரத்தசோகையும் தைராய்டு கோளாறும் நீரிழிவும் அதே களைப்பைத் தரும். நெடுநாள் வயிற்றுப்போக்கு, மிகையான மது, நீர்பிரியச் செய்யும் மாத்திரைகள் ஆகியவை இத்தாதுவை உடலிலிருந்து வெளியேற்றக்கூடும். சிறுநீரக நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேளாமல் மக்னீசிய மாத்திரையைத் தொடவே கூடாது. மற்றவர்கள் வாரத்தில் சில வேளையேனும் கேழ்வரகுக் களியையோ கைக்குத்தல் அரிசிச் சோற்றையோ தங்கள் இலையில் மீண்டும் இட்டுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.