நின்னே வேலை பார்க்கிற கால்கள்

தில்லை நகர்ல சாயங்காலம் எந்த கிராஸ்ல நுழைஞ்சாலும் ஒரு கிளினிக் போர்டாவது கண்ணுல படும். அங்க டோக்கன் வாங்கிட்டு காத்திருக்கிறவங்கள்ல, ஜவுளிக்கடையில நாள் முழுக்க நின்னு புடவை விரிச்சுக் காட்டுறவங்களும் இருப்பாங்க. இன்னைக்கு அவங்க கால் பத்திதான் பேசப்போறோம்.

'நரம்பு சுருட்டிக்கிச்சு'ன்னு சொல்வோம் இல்லையா, அது நரம்பே இல்லை. சிரை, அதாவது இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பி அனுப்புற குழாய். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். அது கீழே இறங்காம உள்ளே இருக்கிற வால்வுகள் தடுக்கும். அசையாம நின்னா அந்த பம்ப் வேலை செய்யாது. வால்வு பழுதாகிட்டா ரத்தம் தேங்கி, குழாய் புடைச்சு வளையும்.

முதல்ல சாயங்காலமானா கால் கனக்கும், வீங்கும். அப்புறம் கணுக்காலுக்கு உள்பக்கம் தோல் கறுத்து அரிக்கும். இதை அலர்ஜின்னு நினைச்சு களிம்பு தடவியே வருஷத்தை ஓட்டுறவங்க உண்டு. கடைசியில அந்த இடத்துலதான் ஆறாத புண் வருது.

கண்டுபிடிக்க டாப்ளர் ஸ்கேன். ஊசி கிடையாது. ஆனா நிக்க வெச்சுப் பார்க்கணும், படுத்திருந்தா கோளாறு ஒளிஞ்சுக்கும். கெண்டைக்காலை அமுக்கி விட்டதும் ரத்தம் அரை விநாடிக்கு மேல கீழ்நோக்கி ஓடினா வால்வு போச்சுன்னு அர்த்தம். ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அது வேற கதை: உள்ளே ரத்தம் உறைஞ்சிருக்கலாம், அன்னைக்கே ஆஸ்பத்திரி போயிடுங்க.

1890லயே ஜெர்மன் சர்ஜன் டிரெண்டலன்பர்க் தொடையில இந்தச் சிரையைக் கட்டிப் பார்த்தார். இப்போ லேசர் சூட்டால உள்ளேயிருந்தே குழாயை மூடிடுறாங்க. பெரும்பாலும் அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். ரத்தம் நல்ல குழாய்கள் வழியா போய்க்கும். இறுக்கமான ஸ்டாக்கிங்ஸும் உதவும், கட்டிலை விட்டு இறங்கறதுக்கு முன்னாடியே மாட்டணும். திருச்சி மே மாச வெயில்ல அதைப் போட்டுக்கோன்னு சொல்றது, சொல்றவங்களுக்கு ஈஸி! பாதத்துக்கு ரத்தம் சரியா வராதவங்க டாக்டரைக் கேக்காம போடவே கூடாது.

சிகிச்சை முடிஞ்சு மறுபடி அதே கடையில பத்து மணி நேரம் நின்னா? வேற சிரையில திரும்ப வரலாம். அதனாலதான் 2021ல தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம்னு கொண்டு வந்தாங்க. கேரளா 2018லயே செஞ்சது. ஆக, ஸ்டூல் கேக்குறது சலுகை இல்லை, உரிமை. ஆனா ஸ்டூல் போட்டுட்டு, 'கஸ்டமர் பார்க்கிற மாதிரி உட்காராதே'ன்னு சொல்ற கடையில அது மூலையிலதான் கிடக்கும்.