நிலத்தடி வெப்பமும் மின்னாற்றலும்

சேலம் மாவட்டத்தில் பச்சைமலைத் தொடரை அடுத்துக் கெங்கவல்லி என்னும் ஊர் உள்ளது. மார்கழி மாத விடியற்காலையில் அங்குள்ள கிணறுகளில் நீர் இறைப்போர், அந்நீர் வெதுவெதுப்பாக இருத்தலைக் காண்பர். கோடை நண்பகலிலோ அதே நீர் குளிர்ச்சியாகத் தோன்றும். மண் ஒரு போர்வைபோல் மூடியிருத்தலால், கிணற்று நீர் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையில் இருக்கின்றது; மாறுவது வெளிக்காற்றே.

ஆயின், கிணற்றினும் பன்மடங்கு ஆழத்திற்குச் சென்றால் நிலை வேறு. அங்கே கதிரவனின் வெப்பம் எட்டாது. பூமியின் சொந்த வெப்பமே ஆட்சி செய்கின்றது. கருநாடகத்தின் கோலார் தங்கச் சுரங்கம் இதற்குச் சான்று. தமிழ்நாட்டிலிருந்து சென்ற பல்லாயிரம் தொழிலாளர் அங்கு உழைத்தனர். 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செண்டிகிரேடைக் கடந்தது. குளிரூட்டிய காற்றை உட்செலுத்தியே வேலை நடைபெற்றது. அச்சுரங்கம் 2001-ஆம் ஆண்டில் மூடப்பட்டது.

இவ்வெப்பம் எங்கிருந்து வருகின்றது? பூமி தோன்றிய காலத்து வெப்பத்தில் எஞ்சியது ஒரு பகுதி. யுரேனியம், தோரியம் முதலிய தனிமங்கள் சிதைவதால் உண்டாவது மற்றொரு பகுதி. எரிமலைகளை அடுத்த இடங்களில் இவ்வெப்பம் மேற்பரப்பிற்கு மிக அண்மையிலேயே கிடைக்கின்றது.

மேட்டூர் அனல் மின்நிலையத்தில் நிலக்கரியை எரித்து நீரை ஆவியாக்குகின்றனர். புவிவெப்ப மின்நிலையத்திலோ பூமியே உலை, எரிபொருள் வேண்டுவதில்லை. ஆழ்துளை வழியே மேலெழும் வெந்நீர், அழுத்தம் குறையுந்தோறும் ஒரு பகுதி ஆவியாகின்றது. அந்த ஆவி சுழலியைச் சுழற்ற, அதனுடன் இணைந்த மின்னாக்கி மின்சாரத்தைத் தருகின்றது. போதிய சூடு இல்லாவிடின், குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் வேறொரு திரவத்தை அவ்வெந்நீரால் ஆவியாக்குவர். பயன்பட்ட நீரை மீண்டும் நிலத்தினுள் செலுத்துவர். இல்லையேல் அதிலுள்ள உப்புகள் ஆறுகளைக் கெடுக்கும். நிலத்தடி ஊற்றும் தளரும்.

இத்தாலியின் லார்டெரெல்லோவில் 1904-ஆம் ஆண்டு நில ஆவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை ஏற்றினர். 1913-இல் அங்கு மின்நிலையமே எழுந்தது. 1958-இல் நியூசிலாந்தின் வைராக்கையில் மின்னாக்கம் தொடங்கிற்று.

நம் நாட்டில் லடாக்கிலுள்ள பூகா பள்ளத்தாக்கு இதற்கு ஏற்ற இடமாகும். ஏறத்தாழ 4,400 மீட்டர் உயரத்தில், பனி சூழ்ந்த அந்நிலத்தில், 84 டிகிரி வரை சூடான ஊற்றுகள் பொங்குகின்றன. 1970-களில் அறிஞர்கள் அங்குத் துளையிட்டு ஆராய்ந்தனர். 2021-ஆம் ஆண்டு பிப்பிரவரியில், முதற்கட்டமாக 1 மெகாவாட் நிலையம் அமைக்க எண்ணெய் மற்றும் இயற்கை எரிவாயுக் கழகம் லடாக் ஆட்சியினருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. எரிபொருளை மலைக்கணவாய்களின் வழியே சுமந்துசெல்ல வேண்டிய அம்மக்களுக்கு, இரவும் பகலும் ஓயாத மின்சாரம் பெரும்பேறன்றோ?

அவ்வாறாயின், கெங்கவல்லியிலும் ஆழத் துளைத்து மின்சாரம் பெறலாகாதா எனச் சிலர் வினவலாம். நம் நிலத்துப் பாறைகளும் கோலார்ப் பாறைகளைப் போன்று மிகத் தொன்மையானவை. அண்மைக் காலத்து எரிமலை எதுவும் இங்கில்லை. 3 கிலோமீட்டர் ஆழத்திலும் நீரைக் கொதிக்கவைக்கும் வெப்பம் கோலாரில் இல்லை என்பதை எண்ணிப் பார்த்தால் விடை விளங்கும். இங்கே செலவு மிகும், பயன் குறையும். ஆனால் நீண்ட கோடையும் வெயிலும் நமக்கு உண்டு. எந்நிலத்தில் எவ்வளம் உளது என ஆராய்ந்தறிந்து அதனைப் பேணிப் பயன்கொள்ளுதலே அறிவுடைமை.