பொன் அம்பும் பொற்சாவியும்

இணைய ஏலச் சந்தைகளிலே பழைய நகை தேடுவோர், சிலவேளைகளில் மிகச் சிறிய பொன் அம்பு ஒன்றையோ, பொற்சாவி ஒன்றையோ, கறுப்பு எனாமல் பூசிய பட்டத்தின் வடிவிலமைந்த ஊசி ஒன்றையோ காண்பர். விற்பவர் அதன் எடையையும் முத்துக்களின் எண்ணிக்கையையும் குறித்திருப்பார். அஃது இன்னதென்பது அவருக்கே தெரியாதிருத்தலும் உண்டு. அமெரிக்கக் கல்லூரி மாணவியரின் சோதரியர் சங்கமொன்றில் ஒருத்தி முறைப்படி சேர்க்கப்பட்டபொழுது அவளுக்கு உரியதான உறுப்பினர் சின்னமே அது.

‘சொரோரிற்றி’ என வழங்கும் இச்சங்கங்களின் பெயர், சகோதரி எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் அடியாகப் பிறந்தது. 1867ஆம் ஆண்டிலே இலினோய் மாநிலத்து மொன்மத் கல்லூரியில் பன்னிரண்டு மாணவியர் கூடி அமைத்த சங்கமே பின்னர் ‘பை பீற்றா பை’ ஆயிற்று. பொன் அம்பு அதன் சின்னம். 1870இல் அதே கல்லூரியில் தோன்றிய ‘கப்பா கப்பா காமா’ பொற்சாவியைக் கொண்டது. அவ்வாண்டிலேயே இந்தியானாவில் ‘கப்பா அல்பா தீற்றா’வை நிறுவிய பெற்றி லொக் என்னும் மாணவியைப் பற்றி அச்சங்கத்தார் ஒரு செய்தி கூறுவர். ஆடவர் சங்கமொன்று தன் சின்னத்தை அணிந்துகொள்ளுமாறு அவரைக் கேட்டதாம். உறுப்புரிமை மட்டும் தருவதற்கில்லையாம். அவர் மறுத்துவிட்டார். அணிகலனாக மட்டும் கிடைத்த சின்னத்தை வேண்டாமென்ற பெண்ணின் சங்கச் சின்னம் இன்று வெறும் அணிகலனாக விலைபோகின்றது!

இச்சின்னம் எங்ஙனம் சந்தைக்கு வருகின்றது? சங்கங்கள் பலவற்றின் விதிப்படி, சின்னம் சங்கத்தின் உடைமை. உறுப்பினளுக்கு உள்ளது வாழ்நாள் முழுவதும் அணியும் உரிமையே. அவள் இறந்தபின் அது அவளுடன் அடக்கம் செய்யப்படலாம், சங்கத்துக்குத் திரும்பலாம், அல்லது உறுப்பினளாயுள்ள உறவுப்பெண்ணுக்குச் செல்லலாம். ஆயினும் வீட்டுப்பொருள்கள் மொத்தமாக விற்கப்படும்பொழுது, பேரப்பிள்ளைகள் அறியாமலே மற்றைய ஊசிகளோடு இதுவும் போய்விடுகின்றது. பழைய சின்னங்கள் பலவற்றில் ஊசிமுனையைப் பூட்டும் அமைப்பு இல்லாமையால், ஆடையினின்றும் நழுவி வீழ்ந்தவையும் உள.

சங்கத்தின் விதி உறுப்பினளைக் கட்டுப்படுத்தும். நல்லெண்ணத்தோடு வாங்கி விற்கும் வியாபாரியை அவ்விதி கட்டுப்படுத்துமா? எளிதன்று. ஆதலின் உறுப்பினர் பலர் தங்கள் பணத்தைக் கொடுத்தே மீட்கின்றனர். அங்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. இருவர் ஒருவரையொருவர் அறியாது ஏலம் கேட்டால் விலை ஏறும். ஏறிய விலையைக் கண்டு மேலும் பலர் சின்னம் தேடி விற்க முற்படுவர். முன்னரே தம்முள் பேசி ஒருவரை மட்டும் கேட்கவிடுதல் நன்று. வாங்காது விட்டுவிடலாமே எனின், பொன்விலை உயருங் காலத்தில் சின்னம் உருக்குவோர் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் உளது. மிகை விலையாயினும் உருக்குலையைவிட மேல் என்பதே என் கருத்து.

உருகி அழிவது பொன்னன்று, சின்னத்தின் பின்புறமே. உரியவளின் பெயரோ முதலெழுத்துக்களோ, கிளைச் சங்கத்தின் எழுத்துக்களோ, சேர்ந்த நாளோ பெரும்பாலும் அங்கேதான் பொறிக்கப்பட்டிருக்கும். அவற்றைச் சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டோடு ஒப்பிட்டால் அவள் யாரென்பது புலனாகலாம். செய்தவரின் முத்திரையும் உதவும்: ‘பல்போர்’ என்ற முத்திரை இருப்பின், அந்நிறுவனம் 1913இல் தொடங்கியதாகையால், சின்னம் அதற்கு முற்பட்டதன்று. அம்பில் ‘ஐ. சி.’ என்ற எழுத்துக்கள் இருந்தால், அது 1888இல் சங்கம் கிரேக்கப் பெயர் பூணுமுன் வழங்கிய வடிவாகும். ஆகவே, மீட்க விரும்புவோர் முதலிற் கேட்கவேண்டியது பின்புறத்தின் தெளிவான புகைப்படத்தையே.

மீண்ட சின்னத்தைப் பளபளப்பாக்க முயல்வது பெருந்தவறு. தேய்க்குந்தோறும் பொறித்த எழுத்து மங்கும். அமோனியா கலந்த திரவங்கள் முத்துக்குத் தீங்கு செய்யும். நீரில் ஊறவைத்தால் கற்கள் பற்றுவிடக்கூடும். உலர்ந்த மென்துணியால் ஒற்றியெடுத்தலே போதும். சின்னத்தோடு மெல்லிய சங்கிலியால் இணைந்த சிறு எழுத்து ஊசியொன்று இருப்பின், அது பெரும்பாலும் கிளையைக் காட்டுவது. சங்கிலி அறுந்திருந்தாலும் இரண்டையும் பிரிக்காது, எங்கே, யாரிடம், எந்நாளில் வாங்கியது என்ற குறிப்போடு ஒரே பெட்டியில் வைத்தல் வேண்டும்.