இயந்திரத்தைக் கழற்ற வேண்டாம்

2022 ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமல் வள்ளங்கள் கரையில் கிடந்ததை நம் மீனவர் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரேயடியாக 340 ரூபாவாயிற்று. மட்டக்களப்பு வாவியில் தண்டு வலித்துத் தொழில் செய்தோருக்கு மட்டும் எண்ணெய் இல்லாமலும் வலை விட முடிந்தது.

அப்படியானால் வெளியிணைப்பு இயந்திரத்தைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் பூட்டலாமா? கழற்ற வேண்டாம், இரண்டையும் சேர்த்து வைத்திருக்கலாம் என்பதே எமது எண்ணம்.

கணக்கைப் பாருங்கள். ஒரு லீற்றர் மண்ணெண்ணெயில் ஏறத்தாழ 10 அலகு சக்தி உண்டு. அதில் பெரும்பகுதி சூடாகவும் புகையாகவும் வீணாகி, ஏறக்குறைய 2 அலகு மட்டுமே விசிறியைச் சுழற்றுகிறது. 12 வோல்ற், 100 அம்பியர் மணி ஈயப் பற்றறியிலோ முழுதாக 1.2 அலகுதான். அதிலும் பாதிக்குமேல் அடிக்கடி இறக்கினால் பற்றறி விரைவில் செத்துவிடும். ஆகவே, ஒரு லீற்றர் மண்ணெண்ணெய்க்கு ஈடாக ஏறத்தாழ 30 கிலோ நிறையுள்ள பற்றறிகள் மூன்றுக்கு மேல் வேண்டும். இதைச் சுமந்துகொண்டு கடலுக்குப் போவது ஆகாத காரியம்.

வாவியின் கதை வேறு. ஆழமான இடத்திலும் 4 மீற்றர் அளவே தண்ணீர், கடலலையும் இல்லை. வேகத்தைப் பாதியாக்கினால் தேவைப்படும் வலு ஏறத்தாழ எட்டிலொன்றாகக் குறையும். வலை விடும்போது வேகம் எதற்கு? அரைக் கிலோவாற்று மோட்டாருக்கு இரண்டு பற்றறிகள் இருந்தால் இரண்டு மணித்தியாலம் தாராளமாக ஓடும். முகத்துவாரம் தாண்டவும், கச்சான் எதிர்த்து அடிக்கும் நாளில் கரைசேரவும் பழைய இயந்திரம் இருக்கட்டும்.

இயந்திரமே இல்லாமல் ஓடுவதும் உண்டு. கேரளத்து வேம்பநாட்டுக் காயலில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையில் 75 பேரை ஏற்றும் 'ஆதித்யா' என்ற சூரிய சக்திப் படகு 2017 ஜனவரியில் சேவைக்கு வந்தது. தூரம் ஏறத்தாழ இரண்டரைக் கிலோமீற்றர். போகுமிடமும் நேரமும் தினமும் ஒன்றே. அதனால்தான் அங்கே பற்றறி போதுமாயிற்று. 2014 இல் பாலம் திறக்கும்வரை மண்முனையில் ஓடிய பாதையும் இத்தகைய குறுகிய ஓட்டந்தானே! பாலமில்லாத துறைகளில் இதை முதலில் செய்து பார்க்கலாம்.

பூட்ட நினைப்போர் கவனிக்க: இயந்திரத்தின் பாரம் பின்னணியத்தில் இருப்பதால் பற்றறிகளை முன்பக்கமாக வையுங்கள். உப்புக்காற்று இணைப்புகளை அரிக்கும். முனைகளுக்குக் கிறீஸ் பூசுங்கள். சார்ஜ் ஏறும்போது ஈயப் பற்றறியிலிருந்து தீப்பற்றும் வாயு வெளிவரும். பெற்றோல் கலன் அதன் பக்கத்தில் இருக்கவே கூடாது.